புதிய கிறிஸ்தவப் பள்ளி தொடங்க நினைக்கும் ஒரு சபைக்கு

தென் மாவட்டம் ஒன்றிலுள்ள சபையின் செயலர் ஒருவர் கேட்டிருக்கிறார்: சபையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார் ஊருக்கு வெளியே மூன்று ஏக்கர் நிலத்தைத் தானமாகத் தர முன்வந்திருக்கிறார்கள், அதில் ஆங்கில வழி மெட்ரிக் பள்ளி ஒன்றை அடுத்த ஜூனிலேயே தொடங்கிவிட வேண்டும் என்று சபையார் விரும்புகிறார்கள். சிறுபான்மைச் சான்றை முதலில் வாங்க வேண்டுமா, பள்ளியைச் சபையின் பெயரில் நடத்துவதா அறக்கட்டளையின் பெயரிலா, மெட்ரிக்கை விட சி.பி.எஸ்.இ. நல்லதா, மாற்று மதத்துப் பிள்ளைகளையும் வேதபாட வகுப்பில் உட்காரச் சொல்லலாமா என்பவை அவருடைய கேள்விகள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். அதற்குமுன், இந்தப் பள்ளி யாருடைய பிள்ளைகளுக்காக என்பதைச் சபையார் கூடிப் பேசி எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நிலம், பாடத்திட்டம், கட்டணம், ஆசிரியர் நியமனம் ஆகிய எல்லா முடிவுகளும் அந்த ஒரு முடிவைப் பொறுத்தே அமையும்.

தமிழ்நாட்டில் மிஷன் பள்ளிகள் எப்படித் தோன்றின என்பதைப் பார்த்தால் இதன் முக்கியத்துவம் விளங்கும். ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கிய அடுத்த ஆண்டே அங்கே பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி தொடங்கப்பட்டது; அந்நாளில் அவர்களைச் சேர்த்துக்கொள்ளும் திண்ணைப் பள்ளி அநேகமாக எங்கும் இல்லை. நாகர்கோவிலில் 1819இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த மீட் தம்பதியர் பெண்கள் பள்ளி தொடங்கியபோதும் அதே நிலைதான். அந்த மிஷனின் பள்ளிகளில் அடிமைக் குடும்பங்களின் பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். லேஸ் பின்னிச் சம்பாதித்த காசில் தங்கள் விடுதலையை வாங்கிக்கொண்டவர்களும் அவர்களுள் உண்டு. திருநெல்வேலிச் சீமைக் கிராமங்களில் ஓலை வேய்ந்த ஒரே கொட்டகை வார நாள்களில் பள்ளிக்கூடமாகவும் ஞாயிற்றுக்கிழமை கோயிலாகவும் இருந்தது, உபதேசியாரே வாத்தியார். சென்னையில் 1837இல் ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளியில் தலித் மாணவர்கள் சேர்க்கப்பட்டபோது மேல்சாதிப் பெற்றோர் பலர் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். பள்ளியே காலியாகும் நிலை வந்தும் ஆண்டர்சன் இறங்கிவரவில்லை. பின்னாளில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது அந்தப் பள்ளிதான். இந்தப் பள்ளிகளை நடத்தியவர்களுக்குக் குறைகள் இல்லாமல் இல்லை. ஆயினும் வேறு எவரும் சேர்த்துக்கொள்ளாத பிள்ளை யார் என்பதில் அவர்களுக்குத் தெளிவு இருந்தது.

இன்றைய நிலை வேறு. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, கிறிஸ்தவப் பள்ளிகளில் படிப்போரில் ஏறத்தாழ 74 சதவீதத்தினர் கிறிஸ்தவர் அல்லாதவர்கள் என்றும், சிறுபான்மைப் பள்ளிகள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால் சமூக, பொருளாதார நிலையில் நலிந்த குடும்பங்களின் பிள்ளைகள் 8.76 சதவீதம் மட்டுமே என்றும் கூறியது. அந்த அறிக்கையின் நோக்கத்தைப் பற்றித் திருச்சபைகளுக்கு மனக்குறை இருந்தது. எனக்கும் அதில் உடன்பாடில்லாத பகுதிகள் உண்டு. முதல் எண்ணில் வெட்கப்பட எதுவுமில்லை. ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் கதவு திறந்திருப்பது நம் பள்ளிகளின் பெருமை. இரண்டாவது எண் நம்மைச் சுட வேண்டும். ஏற்கெனவே ஐந்தாறு ஆங்கில வழிப் பள்ளிகள் இருக்கும் ஊரில், அதே கட்டணத்தில், அதே வகைப் பிள்ளைகளைப் பிடிக்க இன்னொன்றைத் தொடங்கி, அதற்கு ஒரு பரிசுத்தவானின் பெயரை வைப்பதற்காக எவரும் மூன்று ஏக்கர் நிலத்தைத் தானம் செய்ய வேண்டியதில்லை.

'ஏழைப் பிள்ளைகளுக்காகத்தான்' என்று சபையார் சொன்னால், அதையும் நிதானமாக யோசிக்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் ஓர் ஏழைக் குடும்பத்தின் பிள்ளையை அரசுப் பள்ளியிலிருந்து டி.சி. வாங்கி உங்கள் சுயநிதிப் பள்ளிக்குக் கொண்டுவந்தால் அந்தப் பிள்ளை இழப்பவை பல. காலை உணவும் சத்துணவும் போகும். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதல் வழங்கப்படும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு போகும். பெண்பிள்ளையானால், பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரிக்குப் போகும்போது புதுமைப் பெண் திட்டத்தில் கிடைக்கும் மாதம் 1,000 ரூபாயும் போகும். இவற்றையெல்லாம் ஈடுகட்டும் கல்வியைத் தர முடியுமா என்று கேட்டுக்கொள்ளாமல் ஏழை வீட்டுக் கதவைத் தட்டக் கூடாது. மேலும், 1991-92 கல்வியாண்டு முதல் தொடங்கப்பட்ட தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் கிடையாது. ஆகவே இன்று புதிதாகத் தொடங்கும் எந்தக் கிறிஸ்தவப் பள்ளியும் ஆசிரியர் சம்பளத்தைக் கட்டணத்திலிருந்தோ காணிக்கையிலிருந்தோதான் கொடுத்தாக வேண்டும்.

அதனால் நான் முதலில் சொல்ல விரும்புவது, உங்கள் சேகரத்திலோ (ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுதி) பக்கத்துச் சேகரத்திலோ பழைய நிதியுதவித் தொடக்கப்பள்ளி ஏதேனும் தள்ளாடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள் என்பதைத்தான். தென் மாவட்டங்களில் அப்படிப்பட்ட பள்ளிகள் ஏராளம். பாட்டன் காலத்துக் கட்டடம், இரண்டு ஆசிரியர்கள், இருபதுக்கும் குறைவான பிள்ளைகள். அங்கே ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது. பாடநூல், சீருடை, சத்துணவு எல்லாம் உண்டு. காலை உணவுத் திட்டமும் நிதியுதவித் தொடக்கப்பள்ளிகளுக்கு விரிவாகியிருக்கிறது. புதுமைப் பெண் திட்டம் நிதியுதவிப் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பள்ளியில் இல்லாதவை ஒழுகாத கூரை, சுத்தமான கழிவறை, ஆங்கிலத்தைப் பேசிப் பழக்க ஓர் ஆள், பிள்ளைகளை அழைத்துவர ஒரு வேன், மாலையில் வீட்டுப்பாடம் பார்த்துக்கொடுக்க இரண்டு இளைஞர்கள். புதிய பள்ளியின் கட்டடத்துக்காக நீங்கள் திரட்ட நினைக்கும் தொகையில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் இவ்வளவையும் செய்துவிடலாம். கல்வெட்டில் உங்கள் சபையின் பெயர் வராது என்பதைத் தவிர இதில் குறை ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

அப்படியும் புதிய பள்ளிதான் என்றால், அதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. சுற்றுவட்டாரத்தில் மேல்நிலைப் பள்ளியே இல்லாமல் இருக்கலாம். அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள பிள்ளைகளுக்கு மாவட்டத் தலைநகரை விட்டால் போக்கிடம் இல்லாமல் இருக்கலாம். பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் செவித்திறன் குறைந்தோருக்கும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மிஷனரிப் பெண்கள் தொடங்கிய பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. சிறப்புப் பள்ளிக்கான தேவை அன்றைக்கு இருந்ததைவிட இன்று குறைந்துவிடவில்லை. செங்கல் சூளைகளுக்கும் உப்பளங்களுக்கும் பிழைக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகள் எந்தப் பள்ளியிலும் நிலைக்காமல் இருக்கலாம். இவற்றுள் ஒன்று உங்கள் ஊரில் உண்மையானால் தயங்காமல் தொடங்குங்கள். கீழே சொல்பவை அப்போது பயன்படும்.

முதலில் சட்ட உரிமை. அரசமைப்புச் சட்டத்தின் 30(1) பிரிவு, மதத்தாலோ மொழியாலோ சிறுபான்மையினரான எவருக்கும் தாங்கள் விரும்பும் கல்வி நிறுவனத்தை நிறுவி நிர்வகிக்கும் உரிமையைத் தருகிறது. அந்த உரிமை சான்றிதழால் பிறப்பதில்லை; சான்றிதழ் அதை அங்கீகரிக்க மட்டுமே செய்கிறது. ஆயினும் சான்று இல்லாமல் அலுவலகங்களில் வாதாடிக்கொண்டிருப்பது வீண் வேலை. மாநில அரசிடம் விண்ணப்பிக்கலாம். 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்களுக்கான தேசிய ஆணையத்தையும் அணுகலாம். சிறுபான்மைத் தகுதியை நேரடியாகத் தீர்மானிக்கும் அதிகாரம் அந்த ஆணையத்துக்கு உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதிசெய்தது. பள்ளி தொடங்குவதற்கான தடையின்மைச் சான்றைக் கேட்டு உரிய அதிகாரியிடம் விண்ணப்பித்து 90 நாள்களுக்குள் முடிவு தெரிவிக்கப்படாவிட்டால் சான்று வழங்கப்பட்டதாகவே கொள்ளலாம் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. எனவே விண்ணப்பத்தை ஒப்புகைச் சீட்டுடன் கொடுப்பது முக்கியம்.

இந்த உரிமையைப் பற்றிச் சபைகளில் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. சிறுபான்மைச் சான்று கையில் இருந்தால் அரசு எதையும் கேட்க முடியாது என்று நினைக்கிறார்கள். கேரளக் கல்வி மசோதா குறித்து 1958இல் கருத்துரைத்த உச்ச நீதிமன்றம், நிர்வகிக்கும் உரிமை என்பது சீர்கேடாக நிர்வகிக்கும் உரிமை ஆகாது என்று அப்போதே தெளிவுபடுத்திவிட்டது. ஆசிரியர் தகுதி, கட்டடப் பாதுகாப்பு, சுகாதாரம், கணக்குத் தணிக்கை, பிள்ளைகளின் நலன் ஆகியவற்றில் மற்றப் பள்ளிகளுக்கு உள்ள பொறுப்பு நமக்கும் உண்டு. நமக்குத் தனியாகக் கிடைப்பது, யாரைத் தலைமையாசிரியராக வைப்பது, நிர்வாகக் குழுவில் யார் இருப்பது, பள்ளியின் இயல்பு எப்படி இருப்பது என்பவற்றை நாமே முடிவுசெய்யும் சுதந்திரம்.

அடுத்து, யார் பெயரில் நடத்துவது என்ற கேள்வி. பெரிய திருச்சபைகளில் இதற்கு ஏற்பாடு உண்டு. தென்னிந்தியத் திருச்சபையில் சொத்து திருச்சபையின் டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கும், கத்தோலிக்கத் திருச்சபையில் மறைமாவட்டத்தின் பெயரிலோ துறவற சபையின் பெயரிலோ இருக்கும். தனித்து இயங்கும் சபையானால் பதிவு செய்யப்பட்ட பொது அறக்கட்டளை ஒன்றை அமைத்து, அதையே பள்ளியை நடத்தும் கல்வி முகமையாக்குங்கள். அறங்காவலர்களில் பெரும்பான்மையினர் கிறிஸ்தவர்களாக இருக்க வேண்டும் என்பதும், கிறிஸ்தவச் சிறுபான்மையினரின் கல்விக்காகவும் பொதுமக்களின் கல்விக்காகவும் அறக்கட்டளை நிறுவப்படுகிறது என்பதும் ஆவணத்தின் நோக்கப் பகுதியிலேயே இருக்கட்டும். அந்த இரண்டு வரி விட்டுப்போனால் சிறுபான்மைத் தகுதி கேட்கும்போது அலைச்சல்தான். போதகரின் குடும்பத்தார் மட்டுமே அறங்காவலர்களாக இருக்கும் ஆவணங்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்யாதீர்கள், போதகர் மாறும்போதோ மறையும்போதோ பள்ளி ஒரு வீட்டின் சொத்தாகிவிடும்.

தானமாக வரும் நிலத்தை ஒரு வழக்கறிஞர் முழுதாகப் பார்த்த பிறகே பதிவுசெய்யுங்கள். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும்; தகப்பனார் உயில் எழுதாமல் இறந்திருந்தால் அவர் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும், மீதி மகன், மகள் எல்லாருக்கும் சமமாகவும் சேரும். மூத்த மகன் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றி வைத்திருப்பார். கட்டிக்கொடுத்த அக்காள் தங்கைகளின் கையெழுத்து எங்கும் இருக்காது. நல்ல மனதோடு அவர் நிலத்தைக் கொடுப்பார், பத்து வருடம் கழித்து அந்தப் பெண்களின் பிள்ளைகள் நியாயமாகவே பங்கு கேட்டு வருவார்கள், அதற்குள் நிலத்தின் மேல் மூன்று மாடி எழும்பியிருக்கும். ஆகவே வாரிசுச் சான்றில் உள்ள அனைவரும் கையெழுத்திட்ட தானப் பத்திரம், குறைந்தது முப்பது ஆண்டுக்கான வில்லங்கச் சான்று, நஞ்சையானால் நில வகைமாற்றத்துக்கான அனுமதி, வண்டி வந்துபோகும் பாதைக்கு எழுத்துப்பூர்வமான உரிமை ஆகியவை கையில் வந்த பிறகே அடிக்கல்லைப் பற்றி யோசிக்கலாம். கொடுத்தவர் குடும்பத்தில் இத்தனை பேருக்கு வேலை என்பது போன்ற நிபந்தனை எதையும் பத்திரத்திலோ வாய்மொழியாகவோ ஏற்காதீர்கள்.

நிர்வாகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கிறிஸ்தவப் பள்ளிகள் சீரழிந்த இடங்களில் பெரும்பாலும் காரணம் வெளியிலிருந்து வரவில்லை. பல திருமண்டலங்களில் (பேராயர் ஒருவரின் கீழுள்ள திருச்சபைப் பகுதிகளில்) மூன்றாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடக்கிறது. வென்ற அணி தாளாளர்களை மாற்றுகிறது. தோற்ற அணியைச் சேர்ந்த ஆசிரியர் தொலைவிலுள்ள பள்ளிக்கு மாற்றப்படுகிறார். ஆசிரியர் பணிக்குப் பணம் வாங்குவது பற்றிய பேச்சும் புதிதல்ல. வேலைக்காக நிலத்தை விற்றுப் பணம் கட்டியவர் வகுப்பறைக்குள் போய் நேர்மையைப் பற்றி என்ன சொல்லிக்கொடுப்பார்? புதிய பள்ளிக்கு இந்த நோய் தொற்றாமல் காக்க வழி இருக்கிறது. சபைக் கமிட்டி வேறு, பள்ளி நிர்வாகக் குழு வேறு என்று தொடக்கத்திலேயே பிரித்துவிடுங்கள். நிர்வாகக் குழுவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், கணக்குத் தெரிந்த ஒருவர், பிள்ளைகளின் பெற்றோர் இருவர், சபைக்கு வெளியே உள்ள ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். நன்கொடை எதுவும் பெறாமல், விளம்பரம் கொடுத்து, மாதிரிப் பாடம் நடத்தச் சொல்லி ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை விதியாக எழுதிவிடுங்கள். எங்கள் சாதியார் கட்டிய பள்ளி என்ற பேச்சு நியமனத்திலும் சேர்க்கையிலும் நுழைய இடம் கொடுத்தால் பிறகு வெளியேற்றவே முடியாது.

பாடத்திட்டத்தைப் பொறுத்தவரை என் கருத்து சுருக்கமானது. உள்ளூர் நடுத்தர, ஏழைக் குடும்பங்களுக்கான பள்ளியானால், மெட்ரிக் பள்ளிகளில் நடக்கும் மாநிலப் பாடத்திட்டமே போதும். சி.பி.எஸ்.இ. இணைப்புக்கும் மாநில அரசின் தடையின்மைச் சான்று தேவை. நிபந்தனைகளும் செலவும் கூடுதல். சிற்றூரில் அதற்கேற்ற ஆசிரியர் கிடைப்பதும் அரிது. தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் 2006இன்படி தமிழைக் கற்பிக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். சட்டத்துக்காக அல்லாமல், பிள்ளைகள் தமிழில் பிழையின்றி எழுதவும் வேதாகமத்தையும் திருக்குறளையும் தடுமாறாமல் வாசிக்கவும் வேண்டும் என்பதற்காகவே நல்ல தமிழாசிரியரை முதல் ஆண்டிலேயே நியமியுங்கள்.

அனுமதியும் அங்கீகாரமும் வெவ்வேறு என்பது பலருக்குத் தெரிவதில்லை. தமிழ்நாடு தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2018, அதன் 2023ஆம் ஆண்டு விதிகள் ஆகியவற்றின் கீழ் முதலில் பள்ளி தொடங்க அனுமதி பெற்று, பின்னர் அங்கீகாரம் பெற வேண்டும். தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரின் அலுவலகத்தில்தான் வேலை தொடங்கும். கட்டட வரைபடத்துக்கு நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல், பொறியாளரின் கட்டட உறுதிச் சான்று, வட்டாட்சியரின் கட்டட உரிமம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று என்று வரிசையாக வாங்க வேண்டியிருக்கும். இவற்றுள் சிலவற்றைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். யாரையாவது பிடித்து முடித்துவிடலாம் என்று சபையில் ஒருவர் சொல்வார். அவருக்குக் கும்பகோணத்தை நினைவூட்டுங்கள். 2004 ஜூலை 16 அன்று அங்கே ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் பற்றிய நெருப்பு கூரை வேய்ந்த மாடி வகுப்புகளுக்குப் பரவி 94 பிள்ளைகளைக் கொண்டுபோயிற்று. அந்தக் கட்டடத்துக்கும் காகிதங்கள் இருந்தன. உங்கள் மாடிப்படி இரண்டு வரிசைப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் இறங்கும் அகலத்தில் இருக்கிறதா, வெளியேற இன்னொரு வழி இருக்கிறதா, வகுப்பறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா என்று நீங்களே நின்று பாருங்கள். வேன் வாங்கினால் பள்ளி வாகனங்களுக்கான 2012ஆம் ஆண்டுச் சிறப்பு விதிகளை வரிவரியாகப் பின்பற்றுங்கள். பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்த பிறகு வந்த விதிகள் அவை.

இனிப் பணம். மூன்று வகுப்புகளுடன், வகுப்புக்கு 25 பிள்ளைகளாக 75 பேருடன் தொடங்குவதாகக் கொள்வோம். ஆண்டுக் கட்டணம் 18,000 ரூபாய் என்றால் முழு வரவு 13 லட்சத்து 50 ஆயிரம். ஐந்தில் ஒரு பிள்ளைக்குக் கட்டணமே வேண்டாம் என்று முடிவெடுத்தால் 15 பிள்ளைகளுக்கான 2 லட்சத்து 70 ஆயிரத்தைக் கழிக்க வேண்டும். மீதி 10 லட்சத்து 80 ஆயிரம். செலவில் ஆசிரியர் நால்வருக்கு மாதம் தலா 18,000, தலைமையாசிரியருக்கு 30,000, அலுவலக உதவியாளருக்கு 13,000, ஆயா இருவருக்கும் காவலருக்கும் தலா 10,000 என்று வைத்தால் மாதம் 1 லட்சத்து 45 ஆயிரம், ஆண்டுக்கு 17 லட்சத்து 40 ஆயிரம். மின்சாரம், பராமரிப்பு, வேன், நூலகம் எதையும் சேர்க்காமலேயே 6 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் பற்றாக்குறை. இது முதலாண்டுக் கணக்கு மட்டுமே. ஆண்டுக்கு ஒரு வகுப்பாக வளர்ந்து தன் காலில் நிற்கும்வரை இந்தப் பள்ளத்தை யார் நிரப்புவது என்பதைச் சபை முன்கூட்டியே தீர்மானித்து, குறைந்தது ஐந்து ஆண்டுப் பற்றாக்குறைக்கான தொகையைத் தனிக் கணக்கில் வைத்திருக்க வேண்டும். கட்டணத்தை விருப்பப்படி ஏற்றிச் சரிக்கட்டவும் முடியாது. 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த கட்டண நிர்ணயக் குழு வகுத்ததற்கு மேல் வசூலிக்கக் கூடாது.

இந்தக் கணக்கைக் கண்டவுடன் சபைகள் எடுக்கும் எளிய முடிவு ஆசிரியர் சம்பளத்தில் கைவைப்பது. அதை நான் முழு மனதோடு எதிர்க்கிறேன். 'ஊழியமாக நினைத்துச் செய்யுங்கள்' என்று சொல்லி, பி.எட். முடித்த ஒரு பெண்ணுக்கு மாதம் எட்டாயிரம் கொடுத்து, அதே வாயால் நீதியைப் பற்றிக் காலை ஜெபத்தில் பேசுவது சாட்சி ஆகாது. கூலிக்காரருடைய கூலி வயல்காரரிடம் பிடித்து வைக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியது பள்ளி நடத்துவோருக்கும் பொருந்தும். இருபது பேர் வேலை செய்யத் தொடங்கியதும் வருங்கால வைப்பு நிதி கட்டாயம். ஆசிரியருக்கும் பணிக்கொடை உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 2022இல் உறுதிசெய்துவிட்டது. இவற்றைத் தண்டச் செலவாக அல்ல, பள்ளியின் அடித்தளச் செலவாகவே எழுதுங்கள். கொடுக்க இயலாவிட்டால் வகுப்புகளைக் குறையுங்கள், கட்டடத்தைத் தள்ளிப்போடுங்கள், சம்பளத்தைக் குறைக்காதீர்கள். வெளிநாட்டு நன்கொடையை நம்பித் திட்டமிடவும் வேண்டாம். வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தத்துக்குப் பின், பதிவுபெற்ற ஓர் அமைப்பு தான் பெற்ற பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தர முடியாது. புதிய அறக்கட்டளைக்கு அந்தப் பதிவு எளிதில் கிடைப்பதும் இல்லை.

வேதபாடம் பற்றிய கேள்விக்கு அரசமைப்புச் சட்டமே பதில் வைத்திருக்கிறது. அரசின் அங்கீகாரம் பெற்ற எந்தக் கல்வி நிறுவனத்திலும், மாணவர் சிறுவயதினராக இருந்தால், பெற்றோரோ பாதுகாவலரோ சம்மதிக்காமல் சமய போதனையிலோ வழிபாட்டிலோ அவரைப் பங்குபெறச் சொல்லக் கூடாது என்கிறது 28(3) பிரிவு. சேர்க்கைப் படிவத்தில் சிறிய எழுத்தில் ஒரு வரி அச்சிட்டுக் கையெழுத்து வாங்குவதைச் சம்மதம் என்று சொல்லி ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். நம் பழைய பள்ளிகளில் நல்ல வழக்கம் ஒன்று உண்டு: கிறிஸ்தவப் பிள்ளைகள் வேதபாடத்துக்கோ மறைக்கல்விக்கோ போகும் அதே பாடவேளையில் மற்றவர்களுக்கு நீதிபோதனை வகுப்பு நடக்கும். அதையே பின்பற்றுங்கள், நீதிபோதனையை உப்புச்சப்பில்லாத வகுப்பாக விடாமல் நல்ல ஆசிரியரிடம் ஒப்படையுங்கள்.

சட்டம் சொல்வதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவலின் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராக இருந்து, வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்பிலும் அவருக்குத் துணைநின்றவர் ஆறுமுக நாவலர். அவரே வெளியேறி 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மிஷன் பள்ளியில் கல்வி வேண்டுமானால் அதனோடு வரும் சமயத்தையும் ஏற்க வேண்டும் என்ற நிலையைச் சைவ மக்கள் எவ்வளவு வருத்தத்தோடு பார்த்தார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். கற்பிக்கும் முறை முதல் அச்சுக்கூடம் வரை மிஷனரிகளிடம் கற்றதையெல்லாம் அவர் எடுத்துக்கொண்டார். வற்புறுத்தலை மட்டும் ஏற்கவில்லை. ஒரு பள்ளி கிறிஸ்தவப் பள்ளி என்பதைப் பக்கத்து வீட்டு இந்துப் பெற்றோரும் முஸ்லிம் பெற்றோரும் எதை வைத்து அறிய வேண்டும்? கட்டணம் கட்டாத பிள்ளை வெளியே நிறுத்தப்படவில்லை, மெதுவாகப் படிக்கும் பிள்ளை டி.சி. கொடுத்து அனுப்பப்படவில்லை, ஆசிரியர் கையில் பிரம்பு இல்லை என்பவற்றை வைத்துத்தான்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். நலிந்த பிரிவினருக்கு 25 சதவீத இடம் தர வேண்டும் என்ற விதி சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது. அச்சட்டமே அவற்றுக்குப் பொருந்தாது என்று 2014இல் பிரமதி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு சரிதானா என்ற ஐயத்தை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு எழுப்பி, பெரிய அமர்வின் பரிசீலனைக்காகத் தலைமை நீதிபதியிடம் அனுப்பியது. முடிவு எப்படி வந்தாலும் நீங்கள் இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். ஒன்று, ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியவர்களையே நியமியுங்கள். விதிவிலக்கை நம்பி நியமித்துவிட்டுப் பிறகு அவர்களை நடுத்தெருவில் நிறுத்தக் கூடாது. இரண்டு, அந்த 25 சதவீதத்தைச் சட்டம் கேட்காமலேயே கொடுங்கள். கிறிஸ்தவத்துக்கு வந்த தலித் குடும்பங்களுக்கு 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையால் பட்டியல் சாதித் தகுதி கிடையாது. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். வேறு எந்தக் கதவும் அவர்களுக்கு எளிதில் திறப்பதில்லை. கட்டணமில்லா இடங்களில் அவர்களின் பிள்ளைகளும் ஊரின் மற்ற ஏழைப் பிள்ளைகளும் முதலில் வரட்டும். யாருக்குக் கட்டணம் இல்லை என்பது வகுப்பாசிரியருக்குக்கூடத் தெரிய வேண்டியதில்லை.

பிள்ளைகளின் பாதுகாப்பில் சபைகள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பாலியல் குற்றம் பற்றிய புகார் வந்தால் 'சபையின் பெயர் கெட்டுவிடும், உள்ளேயே பேசித் தீர்ப்போம்' என்று மூப்பர்கள் கூடுகிறார்கள். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. புகார் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் 1098 என்ற எண்ணையும் ஒவ்வொரு வகுப்பறையிலும் எழுதி ஒட்டுங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் போதகராக இருந்தாலும் இதே விதிதான் என்று நிர்வாகக் குழுவின் முதல் கூட்டத்திலேயே தீர்மானம் எழுதிவிடுங்கள்.

அடுத்த ஜூன் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். இந்த ஆண்டை அறக்கட்டளைப் பதிவுக்கும் நிலப் பத்திரத்துக்கும், ஊரில் வீடு வீடாகப் போய் எந்தப் பிள்ளை எங்கே படிக்கிறது, எங்கே படிக்காமல் நிற்கிறது என்று விசாரிப்பதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த விசாரிப்பை இளைஞர் ஐக்கியத்தாரும் பெண்கள் ஐக்கியத்தாரும் சேர்ந்து செய்யலாம். பள்ளி தேவையா, எந்த வகுப்பிலிருந்து தேவை என்பதற்கு அதுவே விடை தரும். அடுத்த ஆண்டில் ஒரு தளக் கட்டடமும் சான்றுகளும் முடியட்டும். தலைமையாசிரியரைப் பள்ளி திறப்பதற்கு ஆறு மாதம் முன்பே நியமித்துச் சம்பளம் கொடுங்கள், மற்ற ஆசிரியர்களைத் தேர்ந்தெடுப்பது அவருடைய பொறுப்பாகட்டும். அனுமதி ஆணை கைக்கு வரும்வரை சேர்க்கை விண்ணப்பம் விற்கவோ முன்பணம் வாங்கவோ வேண்டாம். அதுவரை சபை மண்டபத்தில் மாலைநேரப் படிப்பு மையம் ஒன்றை இந்த மாதமே தொடங்குவதற்கு எந்தத் தடையும் இல்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக்கொடுக்க உங்கள் சபையில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருப்பார்கள்.